ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒரு வெப்சைட்: எம்டிஎன் எனக்குக் கைகொடுத்த கதை

ஆத்தங்குடியில் என் சித்தப்பாவுக்குத் தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறை இருக்கிறது. நான் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே கணக்கு எழுதுகிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல். ஒவ்வொன்றும் கையால் செய்வது. வாங்குகிறவர்கள் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்கள், புது வீட்டு முகப்புக்குக் கேட்பவர்கள் என்று எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஐம்பது போட்டோ அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோய், நாமே ஒரு வெப்சைட் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பணம் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு மாதம், ஸ்பைரல் போட்ட நோட்ஸ், கடைசியில் ஒரு சான்றிதழ். அந்த நோட்ஸை வைத்துத்தான் முதல் பக்கத்தைக் கட்டினேன். டேக் என்றால் எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்கிற குறி. நடுவில் வர வேண்டியதற்கெல்லாம் ‘சென்டர்’ டேக், நிறத்துக்கு ‘ஃபான்ட்’ டேக், படங்களை வரிசையாக வைக்க டேபிளுக்குள் டேபிள். தமிழ் எழுத்துக்கு டிடிபி கடையில் வைத்திருக்கும் பழைய ஃபான்ட். என் கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருந்தது. சித்தப்பா தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, “என்ன ஆத்தா, கல்லு எல்லாம் கடுகு மாதிரி தெரியுது, எழுத்து பூரா இங்கிலீஷ்ல கோணல் மாணலா வருது” என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் எம்டிஎன் வெப் டாக்ஸுக்கு வந்தேன். வெப்சைட் எழுதுவது எப்படி என்று விளக்குகிற தளம் அது. தற்செயலாகத்தான். ‘சென்டர்’ டேக் ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தேடியபோது அந்தப் பக்கம் வந்தது. திறந்ததும் மேலேயே சிவப்புப் பெட்டியில் ஒரு எச்சரிக்கை: இது வழக்கொழிந்தது, புதிதாகப் பயன்படுத்தாதீர்கள். அதற்குப் பதில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற மொழியான சிஎஸ்எஸ்ஸில் என்ன எழுத வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. டேக்குகளை வைத்துப் பக்கம் எழுதுகிற மொழிதான் எச்டிஎம்எல். 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே இந்த டேக்கை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். அதைத்தான் நான் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பாடத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் அங்கே ‘சென்டர்’ என்று தேடிப் பார்ப்பேன். பழசைப் பழசு என்று சொல்கிறதா, மாற்று என்ன என்று காட்டுகிறதா, அந்தப் பக்கத்தைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று தேதி இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் உட்கார்ந்து படிப்பேன். எம்டிஎன்னில் மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாக மாற்றிய தேதி இருக்கும்.

யார் எழுதுகிறார்கள் என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தருகிற மோசில்லா 2005-இல் தொடங்கியது இது. 2017-இல் மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சங், வெப்புக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சந்தையில் போட்டி போடுகிற நிறுவனங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொள்வது பெரிய விஷயம். 2020 டிசம்பரிலிருந்து முழு உள்ளடக்கமும், பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்துகிற கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. தப்பைக் கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், அதைப் பரிசீலித்த பிறகே சேர்ப்பார்கள். படிக்கக் காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

சரி, என் பக்கத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். கல் கடுகாகத் தெரிந்ததற்குக் காரணம், ‘வியூபோர்ட்’ என்ற ஒற்றை மெட்டா வரி இல்லாததுதான். அது இல்லையென்றால் போன், அகலமான கம்ப்யூட்டர் திரைக்கான பக்கம் என்று நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்த்த நிமிடமே எழுத்து படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. எழுத்துச் சிக்கலுக்கு இரண்டு பக்கம் படிக்க வேண்டியிருந்தது. பழைய ஃபான்டில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் அவை தமிழ் வேஷம் போட்டுக்கொள்ளும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிற யூனிகோடில் மறுபடி முழுக்க அடித்தேன். பக்கத்தின் தலையில், யூனிகோடைச் சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும், அந்த அறிவிப்பு முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதையும் எம்டிஎன்தான் சொன்னது. நான் அதற்கு மேலே நீளமாகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். எடுத்துக் கீழே போட்டேன்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது படங்களுக்கான ‘ஆல்ட்’ பகுதி. படம் திறக்காதபோதும், கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும்போதும் படத்துக்குப் பதிலாக வருகிற வாசகம் அது. வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விட வேண்டும், பொருளுள்ள படம் என்றால் பொருளை எழுத வேண்டும் என்று அங்கே எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறார்கள். நான் முன்பு எல்லாவற்றுக்கும் ‘படம் 1’, ‘படம் 2’ என்று போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் பார்த்து எழுதினேன்: ‘பச்சைத் தரையில் மஞ்சள் எட்டிதழ்ப் பூ, சிவப்புக் கரை’. நாங்களே அதுவரை அந்தக் கற்களுக்கு நம்பர்தான் வைத்திருந்தோம்.

எம்டிஎன்னோடு சேர்த்து இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: டபிள்யூ3சியின் வேலிடேட்டர். நாம் எழுதியதை ஒட்டினால் எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லும். அதுவும் இலவசம். என் முதல் பக்கத்துக்கு 61 தப்பு காட்டியது. பயந்துவிட்டேன். ஆனால் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தால் கீழே உள்ளவை தானாகக் குறையும். மூடாத ஒரு டேக்கினால்தான் பத்துத் தப்பு வந்திருக்கும். தொடக்கத்தில், இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கிற ‘டாக்டைப்’ வரியே என்னிடம் இல்லை. அது இல்லாவிட்டால் பிரவுசர் பழைய காலத்து நடைமுறைக்குப் போய்விடும் என்று தெரிந்தபோதுதான், அளவுகள் ஏன் கோணலாக வந்தன என்று புரிந்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: வேலிடேட்டர் இலக்கணத்தைத்தான் பார்க்கும். பக்கம் பார்க்க நன்றாக இருக்கிறதா, நீங்கள் எழுதிய ஆல்ட்டில் பொருள் இருக்கிறதா என்றெல்லாம் சொல்லாது.

எம்டிஎன்னில் எனக்கு மிகவும் உபயோகமான இன்னொன்று, பக்கத்தின் மேலே வருகிற ‘பேஸ்லைன்’ பட்டை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்து சேர்ந்துவிட்டதா என்று அது சொல்லும். நான்கிலும் வந்து 30 மாதம் ஆனால் ‘பரவலாகக் கிடைக்கிறது’ என்று மாறும். கல் போட்டோக்களை ஏவிஃப் (AVIF) என்ற பட வடிவத்தில் போட நினைத்தேன். அது 2024 ஜனவரியில்தான் நான்கிலும் சேர்ந்தது என்று பார்த்துவிட்டு, அதைவிட முந்தைய வெப்பி (WebP) வடிவத்திலேயே நின்றுவிட்டேன். எங்களிடம் கல் கேட்கிற பெரியவர்கள் பலர் ஐந்தாறு வருடத்துப் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் தெரியாவிட்டால் வெப்சைட் எதற்கு?

குறைகளும் இருக்கின்றன. தமிழில் இல்லை. ஜப்பானியம், கொரியன், ஸ்பானிஷ் என்று சில மொழிகளில் இருக்கிறது, நம் மொழிக்கு இடமில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தோடு வருகிற பிள்ளைக்கு முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். சிஎஸ்எஸ் பக்கங்களில், எழுதும் விதியைக் குறியீடுகளால் காட்டுகிற ‘ஃபார்மல் சின்டாக்ஸ்’ பகுதி எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதைத் தாண்டி எடுத்துக்காட்டுகளுக்குப் போய்விடுவேன். ஒரு பக்கத்திலிருந்து லிங்க் பிடித்துப் போனால் அரை மணி நேரத்தில் எங்கோ போய் நிற்போம். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே குறிப்புப் பக்கங்களில் விழாமல், ‘லேர்ன்’ என்ற பகுதியிலிருந்து வரிசையாகப் போங்கள். அங்கே பாடமாகவே கட்டி வைத்திருக்கிறார்கள்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெயரைப் பார்த்து அது டபிள்யூ3சியின் தளம் என்று நானும் நினைத்திருந்தேன். அது நார்வேயைச் சேர்ந்த தனி நிறுவனம், டபிள்யூ3சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எடுத்துக்காட்டுகள் சின்னதாக, உடனே மாற்றிப் பார்க்கும்படி இருக்கும். ஒரு டேக் எப்படி இருக்கும் என்று அவசரத்துக்குப் பார்க்க நானும் போவதுண்டு. காரணம் தெரிய வேண்டுமென்றால் எம்டிஎன்.

அதற்கும் மேலே மூலம் என்று ஒன்று இருக்கிறது. எச்டிஎம்எல் தரத்தை இப்போது எழுதுவது வாட்-டபிள்யூஜி (WHATWG) என்ற குழு. 2004-இல் ஆப்பிள், மோசில்லா, ஓபரா ஆட்கள் தொடங்கியது. 2019-இல் டபிள்யூ3சியும் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, எச்டிஎம்எல்லுக்கு அந்த ஒரே ஆவணம்தான் என்று ஒத்துக்கொண்டது. அதனால் ‘எச்டிஎம்எல் 5 முழுப் பயிற்சி, எச்டிஎம்எல் 6 வரப்போகிறது’ என்று யாராவது விளம்பரம் செய்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள். இப்போது பதிப்பு எண்ணே கிடையாது. தேதி போட்டு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் அதை முழுக்கப் படித்ததில்லை, படிக்கவும் தேவையில்லை. டேபிள் தலைப்பில் ஒரு சந்தேகம் வந்தபோது ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன், பதில் கிடைத்தது.

இந்த மாதம் டேபிள்களை எல்லாம் எடுத்துவிட்டு சிஎஸ்எஸ் கிரிட்டில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கல் பதிக்கிற வீட்டிலேயே வளர்ந்ததால் கட்டம் போடுவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. போன வாரம் பட்டறையில் சிக்னல் சரியில்லை, சித்தப்பா போனில் படம் ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் ஆல்ட்டில் எழுதியது வந்திருந்தது. “பச்சைத் தரையில் மஞ்சள் எட்டிதழ்ப் பூ” என்று சத்தமாகப் படித்துவிட்டு, “இது நம்ம பதினேழாம் நம்பருல்ல?” என்று கேட்டார். அதேதான்.