பொருளாதார பிரசன்டேஷன்: ஜிம்பாப்வே நோட்டா, துலிப் மோகமா?

இந்த இரண்டில் எதை எடுப்பது என்றால் நான் ஜிம்பாப்வே பக்கம்தான். முதல் ஸ்லைடில் 2009-ல் வெளியான 100 டிரில்லியன் டாலர் நோட்டின் படத்தை மட்டும் போட்டு, 1-க்குப் பின்னால் இருக்கும் 14 பூஜ்ஜியங்களை எண்ணச் சொல்லுங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அப்புறம் விவசாய உற்பத்தி சரிந்தது, அரசு தன் செலவுக்குப் பணத்தை அச்சடித்துக்கொண்டே போனது, விலைவாசி எகிறியது என்று காரணங்களுக்கு வரலாம்.

துலிப் பூக்கிழங்குகளின் விலை கண்டபடி ஏறி, 1637-ல் நெதர்லாந்தில் சரிந்த துலிப் மோகமும் நல்ல கதைதான். மண்ணுக்குள் கிடந்த கிழங்கைக் கண்ணால் பார்க்காமலே ஒப்பந்தத்தில் கைமாற்றினார்கள். ஆனால் அதனால் நாடே திவாலானது என்று சொல்லப்படுவது மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கி விற்கும் ஊகவணிகம்தான் உங்கள் பாடம் என்றால் சரி, துலிப்பையே எடுங்கள்.