ரப்பர் வராத மலாயாவுக்கு 7 லட்சம் பேர் எப்படி வந்தார்கள்?

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் உள்ள ஒரு புத்தகக் கடையில், பள்ளிப் பைகளுக்கும் பயிற்சி நூல்களுக்கும் நடுவே, 95 வெள்ளிக்கு ஒரு பலகை விளையாட்டு விற்கப்படுகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தை அடையவே இல்லை, அங்கிருந்து ரப்பர் மலாயாவுக்கு வரவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, 1957 வரை நாடுகளின் மக்கள்தொகையும் பொருளாதாரமும் எப்படிப் போயிருக்கும் என்பதைப் பத்தாண்டுக்கு ஒரு சுற்றாக ஆட்டக்காரர்கள் கணக்கிட வேண்டும். மலாயாவின் முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கும் கோலகங்சாருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு, இந்தக் கற்பனை வீட்டுக் கதைபோல் நெருக்கமானது.

வரைபடம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழ் விதிநூலில் பிழைகள் குறைவு. அட்டைகள் மட்டும் மெலிதாக இருப்பதால் விரைவில் மடங்கிவிடுகின்றன. செருமனிக்குத் தந்திருக்கும் வேதியியல் அட்டை நல்ல சிந்தனை. முதல் உலகப் போரில் ரப்பர் கிடைக்காத நிலையில் அந்நாடு செயற்கை ரப்பர் தயாரித்தது என்பதால், ஆசியத் தோட்டங்களே இல்லாத உலகில் அந்த ஆராய்ச்சி இன்னும் முன்னதாகவே வேகம் பெற்றிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் பிரேசிலை ஆடுபவர் வரிசையாக ரப்பர் நட்டு ஒவ்வொரு சுற்றிலும் விளைச்சலை இரட்டிப்பாக்கலாம் என்ற விதியை ஏற்க முடியவில்லை. அந்த மண்ணில் மரங்களை நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் தோப்பையே அழித்துவிடும். ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசானில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டம் 1945-இல் கைவிடப்பட்டதற்கு அந்நோய் ஒரு முக்கியக் காரணம். ரப்பர் காட்டில் மட்டுமே கிடைக்கும் அரிய பொருளாகவே இருந்திருந்தால், அமெரிக்கக் கார்த் தொழிலும் இந்த ஆட்டத்தில் வளரும் வேகத்தில் வளர்ந்திருக்காது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை மலாயாவின் கணக்குத் தாளில் இருக்கிறது. மக்கள், உணவு, ஏற்றுமதி, கருவூலம் என்று நான்கு பத்திகள். ரப்பர் இல்லாததால் ஏற்றுமதிப் பத்தியில் வெள்ளீயம் மட்டும் மிஞ்சுகிறது, கருவூலம் வற்றுகிறது, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வாங்கப் பணம் போதவில்லை. அதுவரை சரி. மக்கள் பத்தியோ எதையும் கண்டுகொள்ளாமல் ஒரே விகிதத்தில் பெருகி, கடைசிச் சுற்றில் ஏறத்தாழ 63 லட்சத்தை எட்டுகிறது. அதில் இந்தியர் 7 லட்சம். நம்முடைய உண்மை உலகில் 1957-இல் எடுத்த குடிக்கணக்கே ஏறக்குறைய இதுதான்.

பால்மரம் இல்லாமல் இத்தனை பேர் எதற்காகக் கப்பல் ஏறினார்கள்? கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் சேர்த்ததும், 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டதும் பெரும்பாலும் ரப்பருக்காகவே. 1930-களின் தொடக்கத்தில் விலை விழுந்தபோது தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மக்கள்தொகை ரப்பர் விலையோடு ஏறியும் இறங்கியும் வந்த நாட்டுக்கு நிலையான பிறப்பு விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை இடித்துவிட்டு லயத்துக்காரர்களை அங்கேயே நிற்கச் சொல்வது போலாகும். ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் இரயில் பாதை வேலைக்கும் தமிழர் வந்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் காப்பி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே படுத்துவிட்டது. ஈயச் சுரங்கங்களை நம்பி வந்த சீனர்களின் எண்ணிக்கை அவ்வளவு குறைந்திருக்காது என்பதால், இன விகிதமும் அதையொட்டிய அரசியலும் வேறாகியிருக்கும். இந்த ஆட்டம் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

நாங்கள் ஆடும்போது தாளின் ஓரத்தில் 'வந்தோர், சென்றோர்' என்று ஐந்தாவது பத்தி ஒன்றைப் பென்சிலால் போட்டு, அதை ஏற்றுமதியோடு இணைத்துக்கொண்டோம். ஆட்டம் நீண்டாலும் முடிவுகள் நம்பும்படி அமைந்தன. இந்தியா 1938-இல் ஆள் அனுப்புவதற்குத் தடை விதித்ததையும் ஒரு அட்டையாகச் சேர்த்தால் அடுத்த பதிப்பு இன்னும் சுவைக்கும்.

இடைநிலைப்பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். சிறு பிள்ளைகள் இரண்டாவது சுற்றிலேயே எழுந்து போய்விடுவார்கள்.