1/72 பி-24 கிட்: இறக்கை அருமை, வால்தான் தரையில் உட்காருகிறது

மூன்று மாதமாக என் மேஜையை அடைத்துக்கொண்டிருந்த பி-24ஜே பிளாஸ்டிக் கிட்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி இது, நிஜ அளவில் 72இல் ஒரு பங்கு. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் இறக்கை. நிஜ விமானத்தில் நுனிக்கு நுனி 33.5 மீட்டர், இதில் 46 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒல்லியான, நீண்ட வடிவத்தை அச்சு அப்படியே பிடித்திருக்கிறது. தகட்டுக் கோடுகள் மெல்லிசு. நான்கு எஞ்சின்களிலும் 14 சிலிண்டர்களையும் எண்ணலாம். மூடியை ஒட்டிய பிறகு பாதி மறைந்துவிடும், அது வேறு விஷயம்.

நான் செய்ய நினைத்தது ஒரு குறிப்பிட்ட விமானத்தை: 'ஹாட் ஆஸ் ஹெல்'. 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சபுவாவுக்குக் கிளம்பியது. உள்ளே 8 பேர். வானிலை மோசம், வந்து சேரவில்லை. பர்மா வழிச் சாலையை ஜப்பானியர் அடைத்துவிட்டதால், சீனாவில் இருந்த 308வது குண்டுவீச்சுப் பிரிவு தனக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டுகளையும் தானே இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்குப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. குண்டு போட வேண்டிய விமானம் சாமான் வாங்கப் போகிற நிலைமை. 'ஹம்ப்' என்ற அந்த வான்வழியில் மொத்தம் ஏறத்தாழ 600 விமானங்கள் பறிபோயின.

சரி, கிட்டுக்கு வருவோம். குண்டு அறையின் நடுவே ஒரு நடைபாதை உண்டு. நிஜத்தில் ஒரு சாண் அகலம், இங்கே 3 மில்லிமீட்டர். இடுக்கியால் பிடித்து ஒட்டும்போதுதான் உறைத்தது: பாராசூட்டைக் கட்டிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் போக இருந்த வழி இவ்வளவுதான். இந்தத் துண்டுக்காகவே கிட்டை வாங்கலாம். கதவுகளைத் திறந்த நிலையில் ஒட்டுங்கள், மூடினால் எதுவும் தெரியாது.

இனி குறைகள். மூக்கில் இருக்கும் துப்பாக்கிக் கோபுரத்தின் கண்ணாடித் துண்டு பெட்டியிலேயே விரிசல் விட்டிருந்தது. மாற்று கேட்டு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. அதைவிடக் கோபம், மூக்கில் எடை வைக்க வேண்டும் என்று விளக்கத் தாளில் ஒரு வரி கூட இல்லாதது. மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம், பின்பாரம் அதிகம், வைத்தவுடன் வால் தரையைத் தொடுகிறது. உடலை ஒட்டி, புட்டி போட்டு, தேய்த்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? மறுபடி அறுத்துத் தூண்டில் ஈயக்குண்டுகளைத் திணித்தேன். ஒன்பது தேவைப்பட்டன. எட்டில் நின்றிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்.

டெகால் தாளில் (மாதிரியில் ஒட்டும் எழுத்து, சின்னங்கள் அச்சிட்ட தாள்) ஐரோப்பாவில் பறந்த இரண்டு விமானங்களின் அடையாளங்கள் மட்டும்தான். இந்தியா, சீனா பக்கம் பறந்தவற்றுக்கு ஒன்றுமில்லை. அதனால் பெயரை மெல்லிய தூரிகையால் நானே எழுதினேன். இரண்டாவது சொல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

நிஜ விமானத்தின் சிதைவை 2006இல் அருணாசலப் பிரதேச மலைகளில் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்க மலையேற்றக்காரர் கண்டுபிடித்தார். அமெரிக்க ராணுவக் குழு 2015இல் அங்கே தோண்டியது. அடுத்த ஏப்ரலில் டெல்லியிலிருந்து எச்சங்கள் அனுப்பப்பட்டன. 2017இல் ஒரு லெப்டினன்டை அடையாளம் கண்டு, ஜார்ஜியாவில் அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். விழுந்து 73 வருடம் கழித்து.

பெட்டியில் ஆள் பொம்மைகள் இரண்டே, விமானியும் துணை விமானியும். மற்ற ஆறு பேருக்கு வேறு கிட்டின் மிச்சத் துண்டுகளில் தேடினேன், நான்குதான் கிடைத்தன. அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு பேர் தேவை. 1/72 அளவில் உட்கார்ந்த நிலை பொம்மைகள் யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், மேல் கண்ணாடியை இன்னும் ஒட்டவில்லை.