முதல் கைத்துப்பாக்கிப் பயிற்சி: நாமே நிரப்பும் தோட்டாவா, .22-ஆ, காற்றழுத்தமா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் துப்பாக்கி சுடுதலில் புதிதாக இறங்கும் இளைஞர்களில் லேத் பட்டறை, பவுண்டரி, மோட்டார் பம்ப் தொழில்களோடு தொடர்புள்ள குடும்பத்தினர் பலர். எந்தப் பொருளை விலைக்கு வாங்கும் முன்னும் "இதை நாமே செய்தால் என்ன?" என்று கேட்டுப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பு. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் சுட்டு முடித்த காலிக் கேஸ்களில் (தோட்டாவின் பித்தளைக் கூடுகளில்) வீட்டு மேசையிலேயே வெடிமருந்து நிரப்பி மீண்டும் சுடுகிறார் என்று கேள்விப்பட்டதும், பயிற்சிச் செலவைக் குறைக்க அதுவே வழி என்ற எண்ணம் எழுவதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தை மதித்தே, தோட்டா நிரப்புதல், .22 (அங்குல விட்டத் தோட்டா) கைத்துப்பாக்கி, ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

தோட்டா நிரப்புதலில் சிக்கனம் இருப்பது உண்மைதான். ஒரு தோட்டாவின் உறுப்புகளில் பொதுவாக விலை கூடியது பித்தளைக் கேஸ். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய பிரைமரை (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) வெளியே தள்ளி, விரிந்த கேஸை டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை எடைபோட்டு இட்டு, மேலே குண்டை அமர்த்த வேண்டும். அமெரிக்காவில் இதைத் தொடங்குபவர்களுக்கு அனுபவசாலிகள் பரிந்துரைப்பது ஒரு இழுப்புக்கு ஒரே வேலையைச் செய்யும் எளிய பிரஸ்ஸைத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவைத் தள்ளும் பிரஸ்ஸை அவர்கள் முதலில் வாங்கச் சொல்வதில்லை. இதற்குக் காரணம் உண்டு. கைத்துப்பாக்கி மருந்துகள் பலவும் கேஸில் பாதி இடத்தைக்கூட நிரப்புவதில்லை என்பதால், தவறுதலாக இருமுறை மருந்து விழுந்தாலும் வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். அந்தத் தோட்டா துப்பாக்கியையும் சுடுபவரின் கையையும் சேர்த்தே சிதைக்கக்கூடியது. மருந்தே விழாமல் போனால், பிரைமரின் விசையால் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். மெதுவான பிரஸ்ஸில் ஐம்பது கேஸ்களை வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்து மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைக்க முடியும். தொடக்கநிலையில் அந்தத் தாமதம்தான் பாதுகாப்பு.

நம் நாட்டில் இந்த வழி வீட்டுப் பட்டறைக்குத் திறந்திருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்கான தண்டனை ஆயுள் சிறை வரை செல்லும். அமெரிக்காவில் அதிகம் நிரப்பப்படும் 9 மி.மீ. தோட்டா இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவைச் சேர்ந்தது. இங்கே விளையாட்டுக்குப் பரவலாகப் பயன்படும் .22 தோட்டாவையோ வீட்டில் மறுபடி நிரப்புவது எங்குமே நடைமுறையில் இல்லை எனலாம், ஏனெனில் தீப்பற்றும் மருந்து அதன் அடிவிளிம்பின் மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கிறது; சுடும் ஊசி அந்த விளிம்பையே நசுக்கிவிடுவதால், கழற்றி மாற்றுவதற்கு அதில் தனிப் பிரைமர் கிடையாது. ஆகவே நம் பட்டறைக் கைத்திறனுக்கு இங்கே வேலை இல்லை. அதற்கு வேறொரு நல்ல இடம் இருக்கிறது; பின்னால் சொல்கிறேன்.

.22 கைத்துப்பாக்கியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. உரிமம் வேண்டும், ரைபிள் கிளப் உறுப்பினராக வேண்டும், கிளப்பின் தளத்தில்தான் சுட வேண்டும். பின்னுதைப்பு குறைவு என்றாலும் வெடிச்சத்தம் உண்டு. புதியவர் அந்தச் சத்தத்துக்கு முன்கூட்டியே மணிக்கட்டை இறுக்கப் பழகிவிடுவார், அப்பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம். இதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்வதே முறை.

ஏர் பிஸ்டல் அப்படியன்று. 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றழுத்தத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை; விற்பவர் அடையாளச் சான்று கேட்பார், கொடுக்க வேண்டும். ஒலிம்பிக் போட்டியிலேயே 10 மீட்டர் தூரத்தில் இதைத்தான் சுடுகிறார்கள். 2024 பாரிஸில் மனு பாக்கர் தனிநபர் பிரிவிலும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவிலும் வெண்கலம் வென்றது இந்தத் துப்பாக்கியில்தான். இதைத் தொடக்கப் படி என்று குறைத்து மதிப்பது அறியாமை. ஆனால் ஏர் பிஸ்டலிலும் உந்துவிசையைப் பொறுத்து வகைகள் உண்டு, கொங்கு நாட்டுக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு நம் வெயிலையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது கார்பன் டைஆக்சைடு குப்பியில் இயங்கும் வகை. விலை குறைவு, பார்ப்பதற்கு நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். அந்தக் குப்பிக்குள் வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது, அதன் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலையே. 10 டிகிரி செல்சியஸில் சுமார் 45 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. ஏறத்தாழ 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்து, அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். சித்திரை மாதத்துக் கரூரிலும் ஈரோட்டிலும் தகரக் கூரை போட்ட தளத்தில் காலையிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். அதோடு, அடுத்தடுத்துச் சுடும்போது வாயு விரிவதால் குப்பி குளிர்ந்து வேகம் குறையும். குறி மாறியதற்குக் காரணம் தன் கையா, குப்பியா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாத பிழையிலிருந்து எதையும் கற்க இயலாது. போட்டித் துப்பாக்கிகள் இந்த வாயுவைக் கைவிட்டுக் காற்றுக்கு மாறியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்பிரிங் வகையில் வெப்பத் தொல்லை குறைவு. ஆனால் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து முட்டும்போது, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி குலுங்கிவிடும். துல்லியப் பயிற்சிக்கு அது ஒத்துவராது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றை இழுப்பு வகை. நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் அளவான காற்று அடைபடும், அது ஒரே சுடுதலுக்குச் சரியாக இருக்கும். குப்பியோ பம்போ வேண்டாம், குலுக்கலும் இல்லை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் தயாரான இஸ்-46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. ஒரு போட்டியில் சோதனைக் குண்டுகளோடு சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்ட முறை நெம்புகோலை இழுப்பது தோளைச் சோர்வடையச் செய்யும் என்பதால், சிறுவர் சிறுமியருக்கு இதைச் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு, பழைய துப்பாக்கி நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

போட்டிக்கென்றே போவோருக்கு 200 பார் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட வகைதான் முடிவான தேர்வு. ஸ்டெய்ர், மொரினி, வால்தர், பார்டினி போன்றவை தயாரிப்பவை; புதிதாக வாங்கினால் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். ஒழுங்குபடுத்தும் வால்வு இருப்பதால் வெயில் ஏறினாலும் வேகம் பெரிதாக மாறாது. கம்ப்ரசருக்குப் பேர்போன கோவையில் காற்று நிரப்புவது எளிது என்று நினைக்க வேண்டாம்: பட்டறைக் கம்ப்ரசர் தருவது பெரும்பாலும் 10 பார் அளவில்தான், அதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் கலந்திருக்கும். இதற்கென உள்ள உயரழுத்தக் கைப்பம்போ, வடிகட்டி உள்ள தனிக் கம்ப்ரசரோ வேண்டும். வெல்டிங் ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. எண்ணெய்த் துளி ஒன்று இருந்தாலே வெடித்துவிடும். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்காமல் பழைய துப்பாக்கி வாங்கவும் கூடாது. விசை (விரலால் இழுக்கும் டிரிகர்) மின்னணுவா, இயந்திர வகையா என்றால், முதல் துப்பாக்கிக்கு இயந்திர விசையே போதும். கோளாறு வந்தால் புரிந்துகொண்டு சரிசெய்ய அதுதான் எளிது.

இனி, முன்பு சொன்ன கைத்திறனுக்கான இடம்: அது மரக் கைப்பிடி. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலுள்ள முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைத்தூரம் சுமார் 330 மி.மீ.; முன் குறி பின் குறியின் பிளவில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 30 மி.மீ. விலகும். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டமோ 11.5 மி.மீ. மட்டுமே. அதாவது அந்த ஒரு மில்லிமீட்டர் பத்தை ஏழாக்கிவிடும். மைக்ரானில் பேசிப் பழகிய டர்னர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கியவுடன் குறிகள் தாமாகவே நேர்கோட்டில் வந்து நிற்கும் வரை, உள்ளங்கை பதியும் இடத்தை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்தும், இடைவெளி உள்ள இடத்தில் மரப் புட்டி வைத்தும் கைப்பிடியைச் செதுக்கலாம். துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்ற விதிகளுக்குள் இருந்தால் போதும். கடையில் வாங்கும் எந்தக் கைப்பிடியும் இப்படி அமையாது.

ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டான பெல்லட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க இடம் உண்டு. முனை தட்டையான வகைதான் அட்டையில் வட்டமாகத் துளையிடும். கூர்முனை கிழித்துவிடும், புள்ளி கணக்கிட வராது. டப்பாவைத் திறந்து சிலவற்றை வெள்ளைத் தாளில் கொட்டி அடிப்பாவாடையைப் பாருங்கள்: மெல்லிய ஈய விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று அந்தப் பக்கமாகக் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும், அதை ஒதுக்கிவிட வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் டீயைத் தொடக் கூடாது. தலை விட்டம் 4.49, 4.50 என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் என்பதைத் துப்பாக்கியை வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, துளைக் கூட்டத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்துதான் அறிய முடியும். சிறந்து வந்த வகையின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஆண்டுக்குத் தேவையான டப்பாக்களைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். எண் மாறினால் சோதனையை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.