லாரி ஏசி கண்டென்சர்: கடையில் மூன்று ரகம், எது தேறும்?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். 7 டன், 12 டன் வண்டிக்காரர்களும் இனி உதிரிபாகக் கடையில் கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) கேட்டு நிற்க வேண்டிவரும். அங்கே கிடைப்பது மூன்று ரகம்: கம்பெனி ஒரிஜினல், வெளி பிராண்டு, பழைய வண்டியில் கழற்றியது. கடைசி ரகம் வேண்டவே வேண்டாம். வாய் திறந்தபடி கிடந்து ஈரமும் தூசியும் ஏறியிருக்கும், அதைக் கழுவி எடுக்க வழியில்லை.

பணத்தை எடுக்கும் முன், கோளாறு கண்டென்சரில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினைப் போடாமல், கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். வண்டி ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் என்றால், சுற்றுச்சூடு 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ அளவில் முள் நிற்க வேண்டும். அதைவிட நன்றாக ஏறி நின்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. புதுசு போட்டாலும் ஹெட் பிரஷர் (கம்ப்ரெசரிலிருந்து வெளியேறும் பக்கத்து அழுத்தம்) இறங்காது.

அடுத்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். நடுவில் உமியும் மண்ணும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். காஸ்டிக் கலந்த கிளீனர் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

லீக் என்றால் அடையாளம் உண்டு. கேஸோடு ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டிக் கருப்பாக ஒரு திட்டு தெரியும். பெரும்பாலும் கல் அடிக்கும் கீழ்மூலையில், அல்லது பிராக்கெட் ஒட்டும் இடத்தில். எபாக்சி பூசுவதும் கேஸ் வெல்டிங் வைப்பதும் வீண் செலவு. ஓடும்போது அங்கே 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், குழாயோ தகடு மாதிரி மெல்லிசு. கம்ப்ரெசர் உடைந்து தூள் ஏறியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பேரலல் ஃப்ளோ ரகத்தின் (பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிய தட்டைக் குழாய்கள்) குழாய்க்குள் உள்ள துளைகள் அவ்வளவு நுண்ணியவை, ஃப்ளஷ் அடித்தாலும் தூள் முழுக்க வராது.

வெளி பிராண்டு மோசமில்லை, பார்த்து வாங்கினால். பழையதைக் கையோடு கொண்டுபோய் குழாய்களை எண்ணுங்கள், கோர் (குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) அளவையும் தடிமனையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 20 மி.மீ. இருந்த இடத்தில் 16 மி.மீ. மாட்டினால் சிக்னலில் நிற்கும்போது கூலிங் விழும். மலிவுச் சரக்கு தோற்பது பெரும்பாலும் பிராக்கெட் காலில்தான்: தகடு மெல்லிசாக இருந்தால் சேஸிஸ் அதிர்வில் அந்த இணைப்பே விரியும். பல பிராண்டுகள் நைட்ரஜன் அடைத்து அனுப்புகின்றன. மூடியைத் தளர்த்தும்போது ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். ஒரிஜினலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது ஃபிட்டிங்கும் பிராக்கெட்டும் இம்மி பிசகாமல் உட்காருவதற்காக. ஒருநாள் வண்டி நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கண்டென்சரை மட்டும் வாங்கி வந்தால் வேலை பாதிதான். டிரையரும் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா) ஓ-ரிங்குகளும் (இணைப்பில் போடும் ரப்பர் வளையம்) அதே பில்லில் வரட்டும். பழைய கேஸை மெஷினில் இழுத்தபின், நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள். ஒன்றால் திருகினால் அலுமினியக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். புது கண்டென்சருக்கு ஏறக்குறைய 30 மி.லி. பிஏஜி ஆயில் (ஏசி கம்ப்ரெசருக்கான எண்ணெய்), கிரேடு கம்ப்ரெசர் லேபிளில் உள்ளபடி. ஓ-ரிங்கையும் அதே ஆயிலில் நனையுங்கள். டிரையர் மூடியைக் கடைசியில் திறவுங்கள். 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீரில் பாருங்கள். ஆக்சிஜன் கூடவே கூடாது, வெடிக்கும். பிறகு 30 முதல் 45 நிமிடம் வேக்கம் (பம்பு வைத்து உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுப்பது), அடைத்துவிட்டு 15 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

கேஸ், கேபின் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில், தராசு வைத்து. பைப் லைனிலுள்ள சிறு கண்ணாடியில் குமிழி பார்த்துப் போடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். 35 டிகிரி வெயிலில், 1500 ஆர்பிஎம்மில் லோ (கம்ப்ரெசருக்குள் போகும் பக்கம்) 30-40, ஹை (வெளியேறும் பக்கம்) 200-250 பிஎஸ்ஐ வந்தால் சரி. ஹை 300ஐத் தாண்டினால் கேஸைக் குறைக்க அவசரப்பட வேண்டாம். கரண்ட் பேன் உள்ள வண்டியில் ஒரு காகிதத்தைக் கண்டென்சர் முன்னால் பிடியுங்கள். அது ஒட்டாமல் பறந்தால் மாட்டும்போது பேன் வயர் மாறியிருக்கிறது, காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது.