பிரிவும் கிராமமும் பொருந்துகின்றனவா: செல்லுபடியாக்கலை எங்கே வைப்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. இங்கே வயற்காணிப் பதிவுக்கு இணையப் படிவம் அமைப்பவர் பெரும்பாலும் இரண்டு தெரிவுப் பட்டியல்களை வைப்பார். முதலாவதில் போரதீவுப்பற்றைத் தெரிவு செய்தால் இரண்டாவதில் அப்பிரிவின் கிராம சேவகர் பிரிவுகள் மட்டும் தோன்றும். இது உலாவி தரும் வசதியே தவிரக் காவல் அன்று, ஏனெனில் சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பப்படும் தரவு அந்தப் பட்டியல்களைத் தொடுவதே இல்லை. ஆகவே செல்லுபடியாக்கலை, அதாவது தரவு சரியானதா என்ற சோதனையை, எங்கே வைப்பது என அறிய, படிவம், மொடல் (ஓர் அட்டவணையின் பதிவுகளைக் கையாளும் மென்பொருள் பகுதி), தரவுத்தளம் ஆகிய மூன்றையுமே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பைத்தனில் வலைச் செயலிகளை அமைக்கும் கட்டமைப்பான ஜாங்கோவின் படிவத்தில் அந்நியச் சாவிப் புலம் (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்) ஒவ்வொன்றும், தெரிவு செய்யப்பட்ட பதிவு அட்டவணையில் உண்டா என்பதை மட்டுமே தனித்தனியாகப் பார்க்கிறது. வாகரைக் கிராமமும் போரதீவுப்பற்றுப் பிரிவும் தனித்தனியே சரியானவை என்பதால் இரண்டும் தேறிவிடும். சேர்த்துப் பார்க்கும் வேலை அதன் பின் வரும், முழுப் படிவத்தையும் சோதிக்கும் கிளீன் முறைக்கு உரியது. பிஎச்பி கட்டமைப்பான லாராவெலில் இதே வேலையை எக்சிஸ்ட்ஸ் (exists) விதியுடன் வேர் (where) நிபந்தனையைச் சேர்த்து ஒரே வரியில் முடிக்கலாம். எந்தப் புலத்தில் பிழை என்பதை அப்புலத்தின் அருகிலேயே தமிழில் சொல்ல முடிவது படிவத்தின் பெரும் பலம்.

மொடலில் எழுதினால் அதே விதி பல படிவங்களுக்கும் நிர்வாகப் பக்கத்துக்கும் பொதுவாகும். ஆனால் ஜாங்கோவில் பதிவைச் சேமிக்கும் சேவ் முறை இந்தச் சோதனையைத் தானாக அழைப்பதில்லை. ரூபியின் கட்டமைப்பான ரெயில்ஸில் சேவ் அழைக்கும், எனினும் இன்சர்ட் ஓல் போன்ற மொத்தச் சேர்ப்புகள் அதைத் தாண்டிச் செல்லும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு பெரும்போகத்தின் தொடக்கத்தில் விவசாயிகளின் எக்செல் பட்டியலை ஜாங்கோவின் மொத்தச் சேர்ப்பு முறையான பல்க் கிரியேட் வழியாக ஏற்றியபோது, மாவட்டத்தின் வடக்கிலுள்ள வாகரைக் காணிகள் சில வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் போரதீவுப்பற்றுப் பிரிவுக்குள் பதிவாகிவிட்டன. படிவத்திலும் மொடலிலும் விதி இருந்தும், தரவு அவ்விரண்டின் வழியாகவும் வரவில்லை.

தரவுத்தளத்தில், பிரிவையும் கிராமத்தையும் சேர்த்து ஒரே கூட்டு அந்நியச் சாவியாக்கி, கிராம அட்டவணையில் அதே இரண்டு நிரல்களுக்கும் (நெடுவரிசைகளுக்கும்) தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே சோடி இருமுறை வராமல் தடுக்கும் விதி) இட்டால், எந்த வழியால் வரும் பிழைச் சோடியும் நிராகரிக்கப்படும். இரு நிரல்களையும் வெறுமையாக விட முடியாதவையாக அறிவிப்பது அவசியம். ஒன்று வெறுமையாக இருந்தால் தரவுத்தள மென்பொருள்களான மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் இயல்பு நிலையில் அந்தச் சோதனையையே விட்டுவிடும். ஜாங்கோவின் மொடலில் இத்தகைய சாவியை நேரடியாக அறிவிக்க வழியில்லை என்பதால் மைக்ரேஷனில் (தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பில்) எஸ்கியூஎல் எழுத வேண்டும். தரவுத்தளம் மறுக்கும்போது அதைத் தனியே கையாளாவிட்டால் பயனருக்குக் கிடைப்பது விளக்கமற்ற சேவையகப் பிழை மட்டுமே. ஆகவே படிவச் சோதனையும் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு காணிக்குப் பலர் பதியும் விதைத்த பரப்பின் மொத்தம் காணியின் பரப்பைத் தாண்டக்கூடாது என்ற விதி வேறு வகையானது. ஒரு வரிசையின் மதிப்புகளைச் சோதிக்கும் தரவுத்தளத்தின் செக் கட்டுப்பாடு இன்னோர் அட்டவணையைப் பார்க்காது. படிவச் சோதனையோ இருவர் ஒரே காணிக்கு ஒரே நேரத்தில் பதிந்தால் இருவரையும் அனுமதித்துவிடும். இங்கே பரிவர்த்தனைக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் செயல்தொகுதிக்குள்) காணி வரிசையைப் பூட்டிய பின் கூட்டிப் பார்ப்பதையே நான் தெரிவு செய்கிறேன்.

பல பதிவுகளை அனுமதிக்காமல் ஒரு காணிக்கு ஒரு போகத்தில் ஒரே பதிவு என்று வைத்தால், அதற்குத் தனித்துவக் கட்டுப்பாடு போதும். ஜாங்கோவின் மொடல் படிவமும் அதைச் சோதிக்கிறது. ஆனால் போகத்தைப் படிவத்தில் காட்டாமல் பின்னர் நிரப்பினால் அந்தச் சோதனை தவிர்க்கப்பட்டு, மறுப்பு தரவுத்தளத்திலிருந்தே வரும்.

பிரிவு, கிராமம் என்ற சோடியைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக நான் கேட்பது, பிரிவை ஏன் சேமிக்க வேண்டும் என்பதே. கிராமம் தன் பிரிவை அறியும். காணி அட்டவணையில் கிராமத்தை மட்டும் வைத்து, பிரிவைப் படிவத்தில் வடிகட்டலுக்கு மாத்திரம் பயன்படுத்தினால் முரணான சோடி உருவாகவே இடமில்லை. எல்லைகள் மாற்றப்பட்ட பின்னும் பதிவு செய்த காலத்துப் பிரிவை அறிக்கையில் காட்ட வேண்டிய திட்டங்களுக்கு மட்டும் அந்த நிரலை வைத்திருக்கிறேன்; அங்கே அது அன்றைய பெயரின் பிரதியாகவே நிற்கிறது, அந்நியச் சாவியாக அல்ல.