மகா ஓயாவா, கன்னியாவா?

வெந்நீர் ஊற்றைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து மகா ஓயாவுக்கோ கன்னியாவுக்கோ ஒரு நாளில் போய் வரலாம். பீறிட்டுப் பாயும் ஊற்றுதான் வேண்டுமென்றால் ஐஸ்லாந்துக்கோ அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். அதற்கு நிலத்தடியில் எரிமலைச் சூடு வேண்டும். இலங்கையில் எரிமலையே இல்லை. இங்கே மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது, அவ்வளவுதான்.

சூட்டைப் பார்த்தால் அம்பாறை மாவட்டத்து மகா ஓயாதான் முன்னால் நிற்கிறது. அங்கே தண்ணீர் 50 பாகை செல்சியஸையும் தாண்டும். முட்டை அவிக்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள். நம்ப வேண்டாம், வெள்ளைக்கரு இறுகவே 60 பாகையாவது வேண்டும். ஆனால் வாளியில் அள்ளி அப்படியே தலையில் ஊற்றினால் தோல் பொசுங்கும். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு என்பதால் முதலில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை வழியாகப் போகும் பதுளை வீதிதான் பாதை.

கன்னியா திருகோணமலைப் பக்கம். வாகரை, வெருகல், மூதூர் தாண்டிப் போக வேண்டும், தூரமும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஏழு சதுரக் கிணறுகள், குளிக்கத் தோதான சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கினான் என்பது கதை. இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கும் ஆடி அமாவாசைக்கும் சனம் அங்கே போவது அதனால்தான்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் வேன் வண்டியில் இருந்தால் நான் கன்னியாவுக்கே விடுவேன். கோணேசர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். பெடியன்கள் மட்டும் என்றால் மகா ஓயா, அதுவும் விடியற்காலையில்; உச்சி வெயிலில் வெந்நீர்க் குளிப்பு யாருக்கு வேண்டும்?